மைக்செட் அண்ணன் கோச்சான சீசன்

பதுளையில் மைக்செட் அண்ணன் அறிவிக்காமல் யாரும் முறைப்படி செத்ததில்லை. டாக்டர் சொல்லியிருக்கலாம், வீட்டார் அழுதிருக்கலாம். ஆனால் அவருடைய ஆட்டோவின் தலையில் கட்டிய இரண்டு ஒலிபெருக்கிகளும் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லும்வரை ஊர் அதை நம்பாது. மரண அறிவித்தல் மட்டுமல்ல. சேலைக்கடைத் தள்ளுபடி, கோயில் தேர், தண்ணீர் வெட்டு, காணாமல்போன பசு எல்லாம் அந்த வாய் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேரும். அவருக்கென்று சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் மனைவியே அவர் டீ குடிக்கும் கடைக்குப் போன் எடுத்து, "மைக்செட் அங்க இருக்காராங்க?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவரைக் கால்பந்து அணிக்குத் தலைமைக் கோச்சாகப் போடலாம் என்ற யோசனை எனக்கு வந்தபோது நான் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் வடை தின்றுகொண்டிருந்தேன். துக்கத்தில் தின்ற வடை. முதல்நாள்தான் எங்கள் அணி மறுபடியும் தோற்று லீக்கின் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. சீசன் பாதியில் இருக்க, கோச்சையும் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அப்போது அந்த ஆட்டோ வந்தது.

"கடைசி நாள், இன்றே கடைசி நாள். வேட்டி, சாரம், பெட்ஷீட் அனைத்தும் வாங்கிய விலைக்கே." அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு, குரல் கொஞ்சமும் மாறாமல் தொடர்ந்தார்: "நேற்று ஆடிய நமது அணியின் டிபென்ஸும் இதே விலைக்குக் கிடைக்கும். ஒருவர் முன்னால் ஓட, ஒருவர் பின்னால் ஓட, நடுவில் மரக்கறி லொறி போகும் அளவுக்கு இடம். பெட்ஷீட் வாங்குவோருக்குத் தலையணை உறை இலவசம்."

பஸ் ஸ்டாண்டே தலையாட்டியது. பண்டாரவளை பஸ்ஸின் கண்டக்டர், "சரியாத்தான்யா சொல்றாரு," என்று ஆளேற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார். எனக்கு வடை தொண்டையில் நின்றது. இந்த ஊரில் ஒருவர் பேசினால் எல்லோரும் கடைசிவரை கேட்கிறார்கள் என்றால் அது இவர் ஒருவர்தான். கோச் என்பவருக்கு வேறு என்ன வேண்டும்?

நான் யார், எனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருப்பவள். காத்திருந்த வேளையில் அணியின் பேஸ்புக் பக்கத்தைப் பொறுப்பெடுத்தேன். "போராடித் தோற்றது" என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதி முடித்திருந்தேன்.

எங்களுடையது சம்பளத்துக்கு ஆடும் அணி. சம்பளம் கொடுப்பவர் பஜாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி. கோச் என்பவர் அவருக்குக் குழாய் வாஷர் மாதிரி. ஒழுகினால் மாற்ற வேண்டியதுதான். போன கோச் கொழும்பிலிருந்து வந்தவர். லெப்டொப்பில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார். பையன்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். பிறகு மைதானத்தில் அம்புக்குறியைக் காணாமல் நின்றுவிடுவார்கள்.

"இந்த சீசன்ல கீழ எறங்குனோம்னா கிளப்புக்கு ஷட்டர் போட்டுருவேன்," என்று முதலாளி சொல்லிவிட்டார். ஷட்டர் விழுந்தால் அவருக்கு ஒரு தலைவலி குறையும். நமுனுகுல, தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களின் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்த பையன்கள்தான் அடுத்த நாளே கொழும்புக் கடைகளுக்கு மூட்டை தூக்கப் போக வேண்டும். அந்த அவசரத்தில்தான் நான் அவர் கடைக்குள் ஓடினேன்.

"அவரு எங்கயாச்சும் கோச்சா இருந்திருக்காராம்மா?"

"இல்லீங்க."

"பந்தாச்சும் ஒதைச்சிருக்காரா?"

"ஒரு மேட்ச் விடாம பாத்திருக்காருங்க. எந்தப் பையன் எப்ப மூச்சு வாங்குவான்னு அவங்க அம்மாவுக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும்."

"ஊரு சிரிக்கும்மா."

"முதலாளி, நம்ம கடைத் திறப்பு விழாவுக்கு அவ்வளவு கூட்டம் எப்பிடி வந்துச்சு?"

முதலாளி ஆணிப் பெட்டியை மூடினார். தன் முகத்துக்காகத்தான் கூட்டம் வந்தது என்று அதுவரை நம்பியிருந்தார் போலிருக்கிறது. "சரி, வரச் சொல்லு," என்றார்.

அன்று மாலையே முதலாளியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மைக்செட் அண்ணன் என்னிடம் சொன்னார்: "பெருமதிப்புக்குரிய டீச்சர் அவர்களே, சம்மதம்." நியமனமே வராத என்னை டீச்சர் என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான்.

முதல் மேட்ச்சிலேயே இடி விழுந்தது. அண்ணன் மைக்கோடு பெஞ்சில் வந்து உட்கார, மேட்ச் அதிகாரி வந்து, மைதானத்துக்குள் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்று வாங்கி வைத்துவிட்டார். பரவாயில்லை என்று அண்ணன் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, கையை வாயருகே வைத்து, எங்கள் கோல் கீப்பரும் கேப்டனுமான ரவியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தால் முதலில் ஒரு காற்று வருமே, அப்படி. பெஞ்சில் இருந்த பையன் பதறிப்போய், "அண்ணே, தொண்ட கட்டிருச்சா?" என்றான்.

"கட்டலடா தம்பி. எந் தொண்டையே இவ்வளவுதான்."

மீசை முளைக்கும் முன்பே மைக்கைப் பிடித்த மனிதர். சத்தம் போடும் வேலையைக் கருவி செய்ததால் தொண்டை வளரவே இல்லை. பதுளையின் ஆகப் பெரிய குரலுக்குச் சொந்தக்காரர் மைக் இல்லாமல் கத்தினால் பத்தடிக்கு அப்பால் கேட்காது. அந்த மேட்ச்சும் போயிற்று.

வேறொருவராக இருந்தால் பெஞ்சை விட்டே போயிருப்பார். அண்ணன் ஆட்டோவில் ஏறினார். மைதானத்தில்தானே தடை, ரோட்டில் இல்லையே என்பது அவர் கட்சி. மேட்ச்சில் சொல்ல முடியாததை எல்லாம் மறுநாள் வீடு தேடிப் போய்ச் சொல்வதென்று முடிவுசெய்தார். அவருக்கு நன்றாகப் பழகிய நடை எதுவோ அந்த நடையில் சொன்னார்.

"தெமோதரையைப் பிறப்பிடமாகவும் ரைட் பேக் பக்கத்தை வசிப்பிடமாகவும் கொண்ட தினேஷ் அவர்கள் நேற்று இரண்டாம் பாதியில் நம்மை விட்டுப் பிரிந்தார். அன்னார் செல்வம்மாவின் பாசமிகு மகனாவார். அவர் பிரிந்த வழியாக எதிரணியினர் இரண்டு கோல்கள் போட்டனர். உற்றார் உறவினர் எவரேனும் அவரைக் கண்டால், ரைட் பேக் இடத்துக்குத் திரும்பி வருமாறு சொல்லிவிடும்படி ஆழ்ந்த வருத்தத்துடன் கேட்டுக்கொள்கிறோம்."

தேயிலை மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு சத்தம் அறுந்துபோகும். மேல் லயத்துக்கு முழுவதும் கேட்டு, வயிறு நோகச் சிரித்தார்கள். கீழ் லயத்துக்கு "பாசமிகு மகனாவார்" வரை கேட்டது. மிச்சம் மலைக்குப் பின்னால் போய்விட்டது.

தினேஷ் பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது ரோட்டோரம் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. யார் வீட்டுத் துக்கமோ என்று செருப்பைக் கூடக் கையில் எடுத்துக்கொண்டு பயபக்தியாக நடந்திருக்கிறான். கொடி அவன் வீட்டு வாசலில் போய் முடிந்தது.

எனக்குப் போன் எடுத்தான். "டீச்சர், நான் செத்துட்டேனாம்."

"என்னடா சொல்ற?"

"வெள்ளைக்கொடி கட்டிட்டாங்க. என்னயப் பாத்ததும் ஒரு மாமா அப்பிடியே சாஞ்சிட்டாரு. எல்லாரும் சீனி, தேயில, பிஸ்கட்டுன்னு கொண்டாந்துட்டாங்க. திருப்பிக் குடுத்தா, கொண்டாந்தத திருப்பி எடுத்துப் போறது ஆகாதுன்றாங்க."

மறுநாள் பயிற்சிக்கு நடுவில் செல்வம்மா அக்கா மைதானத்துக்குள் நடந்து வந்தார். கொழுந்தெடுக்கும்போது இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் பேசுகிற குரல் அவருக்கு. "எங்கய்யா அந்த மைக்செட்டு?" என்றதும் கோல் வலையே ஆடியது. அண்ணன் ஆட்டோவுக்குப் பின்னால் இருந்து மெதுவாகத் தலையை நீட்டினார்.

"எம் புள்ள உசுரோட இருக்கான்யா."

"அதத்தாங்க்கா நானும் சொல்றேன். உசுரோட இருக்கிறவன் மாதிரி ஓடச் சொல்லுங்க."

அக்கா திட்டி முடிக்க நேரம் எடுத்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்ததை நான் பேஸ்புக்கில் எழுதியபோது யாரும் நம்பவில்லை. செத்துப் பிழைத்தவன் எப்படி ஆடுகிறான் பார்ப்போம் என்று இரண்டு லொறி நிறைய லயத்துச் சனம் வந்து இறங்கியது. தினேஷ் ரைட் பேக் இடத்தை விட்டு அசையவில்லை. அந்தப் பக்கம் வந்தவனெல்லாம் பந்தில்லாமல் திரும்பினான். நாங்கள் ஜெயித்தோம்.

"எப்பிடிடா?" என்று கேட்டேன்.

"எனக்காக அழுத சனம் டீச்சர். அதுங்க முன்னாடி போய் சும்மா நிக்க முடியுமா?"

அதற்குப் பிறகு பையன்களுக்குள் பொறாமை கிளம்பியது. "அண்ணே, எங்க லயத்துப் பக்கமும் ஒருக்கா வாங்க," என்று நச்சரித்தார்கள். சரியாக ஆடாதவனுக்கு மரண அறிவித்தல், நன்றாக ஆடியவனுக்குக் கல்யாண அழைப்பு என்று அண்ணன் பிரித்துக்கொண்டார். ரவி ஒரு பெனால்டியைப் பிடித்ததற்கு, அவனுக்கும் பந்துக்கும் பெரியோர் ஆசியுடன் நிகழ்ந்த வைபவத்தை நமுனுகுல ரோடு முழுக்க அறிவித்தார். ஒவ்வொரு தோட்டமாக மைதானத்துக்கு வரத் தொடங்கியது. தங்கள் பெயர் சொல்லி அழைத்தால் எங்கள் சனம் வராமல் இருக்காது. அதுவரை யாரும் அழைத்ததில்லை, அவ்வளவுதான்.

பெஞ்சுக்குப் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு செல்வம்மா அக்கா நிரந்தரமாக நின்றார். அண்ணன் சொல்வது மைதானத்துக்குள் போகாததைப் பார்த்து, தானே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் முணுமுணுப்பார்: "ரைட் பேக் அவர்களைச் சற்று உள்ளே வரும்படி கேட்டுக்கொள்ளவும்." அக்கா அனுப்புவார்: "டேய் தினேஷு, உள்ள வாடா, அங்க என்ன கொழுந்தா எடுக்குற?" செய்தி போய்ச் சேர்ந்தது. லீக்கில் வேறெந்தக் கோச்சுக்கும் அப்படியொரு உதவியாளர் இல்லை.

இப்படியே ஏறி, கடைசி மேட்ச்சுக்கு வந்தோம். சமநிலை போதும், பிழைத்துக்கொள்வோம். தோற்றால் ஷட்டர். முதலாளி ஷட்டர் சாவியைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு கோல் என்று இருந்தபோது, முடிய இன்னும் சில நிமிடம் இருக்கையில், ரவி ஒருவனோடு மோதி விழுந்தான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மாற்று ஆட்களையெல்லாம் ஏற்கனவே இறக்கி முடித்திருந்தோம். உள்ளே ஆடுகிறவர்களில் ஒருவன்தான் கோலுக்குப் போக வேண்டும்.

"தினேஷ் கிளவுஸ் போடட்டும்," என்றார் அண்ணன்.

வேலிக்குப் பின்னால் அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அக்கா, சொல்லுங்க."

"எம் புள்ளயா? பந்து மூஞ்சில பட்டா?"

"படணும்க்கா. அதுக்குத்தான் போகச் சொல்றேன்."

"ஏற்கனவே ஒருக்கா சாகடிச்சீங்க. நா சொல்ல மாட்டேன்."

அண்ணன் திரும்பிக் கோட்டருகே போனார். தானே கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. காற்றுதான் வந்தது. உள்ளே பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். மறுபடி கத்தினார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் அவ்வளவு தனியாக நின்று நான் பார்த்ததில்லை.

செல்வம்மா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு நமுனுகுல மலைக்கே கேட்கும்படி, "தினேஷு, கிளவுஸைப் போடு சாமி. கண்ண மட்டும் மூடிறாத," என்றார்.

கடைசி அடி தினேஷின் மூக்கில்தான் பட்டது. பந்து வெளியே போக, விசில் ஊத, அவன் இரத்தம் வழியச் சிரித்தான். அக்கா மைதானத்துக்குள் ஓடியது மகனிடம் அல்ல, அண்ணனிடம். அடிக்கப் போகிறார் என்று நினைத்து முதலாளி குறுக்கே விழுந்தார். அக்கா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிழைத்துவிட்டோம். கோச்சை மாற்றும் பேச்சை முதலாளி எடுக்கவில்லை. ஆனால் லீக் எடுத்தது: அடுத்த சீசனில் லைசன்ஸ் இல்லாதவர் பெஞ்சில் உட்கார முடியாது. கொழும்பில் வகுப்பு, முடிவில் செய்முறைப் பரீட்சை. மைதானத்தில் நின்று பையன்களை ஓட்டிக் காட்ட வேண்டும். மைக் கூடாது, செல்வம்மா அக்காவும் கூடாது.

"வாழ்க்கையில ஒரே ஒரு பரீட்சைதான் டீச்சர் எழுதுனேன். அதுலயும் அடுத்தவன் நம்பர்ல போய் ஒக்காந்துட்டேன்," என்றார். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்.

இப்போது தினமும் காலையில் மைதானத்தில் நாங்கள் இருவரும். அவர் ஒரு கோலில் நின்று கூப்பிடுவார். நான் எதிரே நின்று, கேட்டால் கையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்னால் போகிறேன். "அண்ணே, 'பெருமதிப்புக்குரிய' என்கிறத விட்டீங்கன்னா பாதி மூச்சு மிச்சமாகும்," என்றேன்.

"மரியாத இல்லாம எப்பிடி டீச்சர் ஒரு மனுசனக் கூப்பிடறது?"

நேற்று அவர் குரல் நடுக்கோடு வரைக்கும் வந்துவிட்டது. நாளை நான் அந்தப் பக்கத்துக் கோர்னர்க் கொடிக்குப் போய் நிற்கப் போகிறேன். காற்று எதிரே அடிக்கும், தூரமும் அதிகம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கையைத் தூக்குவதாக இருக்கிறேன்.