ஏசுராஜுக்கு ஆகாத பச்சைப் பொத்தான்

"ஒண்ணு, அந்தப் பச்சை பட்டன் இந்த வீட்ல இருக்கணும். இல்ல, நான் இருக்கணும்!" என்று ஏசுராஜ் அறிவித்தபோது அவர் மனைவி ரோஸ் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிக்கு தோசையா, இட்லியா?"

"நான் வீட்டை விட்டுப் போறேன்னு சொல்றேன்!"

"போறதுன்னா சாப்ட்டுப் போங்க. தோசைன்னா சீக்கிரம் ஆகும்."

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஏசுராஜ் ஃபினிஷிங் சூப்பர்வைசர். சாயம் ஏற்றி மினுக்கிய தோலை, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டோடு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து 'பாஸ்' என்றோ 'ரிஜெக்ட்' என்றோ சொல்வது அவர் வேலை. பிரவுன் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற நிறத்தில் அவர் முப்பது ஜாதி பிரிப்பார். ரோஸ் வைக்கும் மீன் குழம்பைக்கூட ஜன்னலோரம் கொண்டுபோய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவார். பல நாள் குழம்பு ரிஜெக்ட் ஆகியிருக்கிறது. ஆனாலும் சட்டி காலியாகாமல் இருந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஹாலில் மூன்று வருஷமாக ஒரு கம்ப்யூட்டர், அடக்க ஒடுக்கமாக, தாலுகா ஆபீஸ் பீரோ நிறத்தில் இருந்துவந்தது. விண்டோஸ் 98. ரோஸ் பள்ளிக்கூட டீச்சர். மாலை நேரங்களில் நாலைந்து பள்ளிகளுக்குப் பரீட்சைக் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பாள். அதற்காக வாங்கிய புது பிரிண்டர் பழைய விண்டோஸோடு பேசவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நயீம் அகமது வந்தார். எக்ஸ்பி என்ற புது விண்டோஸைப் போட்டுவிட்டுப் போனார். ஏசுராஜ் வேலையிலிருந்து வந்து பார்த்தால், திரையில் கீழே நீலப் பட்டை, மூலையில் 'ஸ்டார்ட்' என்று பச்சைப் பொத்தான், நடுவில் புல்மேடு, மேலே வானம், மேகம்.

"இன்னா ரோஸ் இது? மாடு ஒண்ணுதான் கொறைச்சல்!"

"அழகாத்தானே இருக்குது?"

"அழகா? இந்த நீலத்தை நான் பாஸ் பண்ணுவேனா? பொம்மைக்கடை நீலம். அந்தப் பச்சை? பேதி மருந்து பாட்டில்கூட இதைவிட அடக்கமா இருக்கும். ரிஜெக்ட்!"

நிறமெல்லாம் ஒரு சாக்கு. உள்விஷயத்தை நமக்குள் வைத்துக்கொள்வோம். புது விண்டோஸில் ஏசுராஜுக்கு ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரையில் நெற்றிப்பொட்டு மாதிரி இருந்த 'மை கம்ப்யூட்டர்' காணோம். தினமும் ஆடுகிற சீட்டாட்டம் போன இடம் தெரியவில்லை. வேலூரில் மூன்று மாசம் கோர்ஸ் படித்து, சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி, வேதவசன காலண்டர் பக்கத்தில் மாட்டியிருக்கும் மனுஷன். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் தெருவே அவர் வீட்டு வாசலில் நிற்கும். பக்கத்து வீட்டு வஹீதா அவரைக் கூப்பிடுவதே 'கம்ப்யூட்டர் அண்ணே' என்றுதான். இப்போது மனைவியிடம் போய் 'அது எங்கே இருக்குது?' என்று கேட்டால் இத்தனை வருஷத்து மானம் என்ன ஆவது? அதனால்தான் அந்தக் கத்தல்.

தோசை தட்டில் விழுந்ததும் ரோஸ் சொன்னாள். "சரிங்க. பழசையே போடச் சொல்லிட்றேன்."

ஏசுராஜுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இன்னும் ஏழெட்டு நியாயம் கைவசம் வைத்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீடு திரும்பியபோது திரை பழையபடி சாம்பல். 'மை கம்ப்யூட்டர்' அதன் இடத்தில். சீட்டுக்கட்டு அதன் இடத்தில். ஏசுராஜ் டியூப் லைட்டை அணைத்தார். ஜன்னல் திரையை விலக்கினார். நேராகப் பார்த்தார், சாய்ந்து பார்த்தார், இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பாஸ்!" என்றார். "நயீம் பாய்க்கு ரொம்ப வேலையோ?"

"அரை நாள் உக்காந்திருந்தாரு."

"பின்னே? புதுசை வேரோட புடுங்கணும் இல்ல?"

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. அவர் வேலையிலிருந்து வரும்போது காபியும் தயார், கம்ப்யூட்டரும் தயார். "களைச்சுப்போய் வர்றீங்க, நானே ஆன் பண்ணி வச்சிட்டேன்" என்பாள் ரோஸ். ஆடி முடித்ததும், "நீங்க சாப்ட வாங்க, நான் அணைக்கிறேன்" என்பாள். இத்தனை வருஷம் கழித்தாவது மரியாதை வந்ததே என்று ஏசுராஜ் உள்ளுக்குள் நெகிழ்ந்துபோனார்.

"பாத்தியா ரோஸ், பழசு இன்னா ஸ்பீடு! இப்பல்லாம் ஹேங்கே ஆகறதில்ல."

"ஆமாங்க."

"புது பிரிண்டர்கூட அடங்கி ஓடுது பாரு."

"ஆமாங்க."

"புதுசு புதுசுன்னு பறக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?"

"ஆமாங்க."

மூன்று 'ஆமாங்க' வரிசையாக வந்தால் வேறு எந்தப் புருஷனும் உஷாராகியிருப்பான். ஏசுராஜ் தெருவுக்கும் தொழிற்சாலைக்கும் பழசின் பெருமையைப் பரப்பக் கிளம்பிவிட்டார். அது சர்ச் வரைக்கும் போயிற்று. அங்கே அப்போதுதான் எக்ஸ்பியோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். "பெரிய தப்பு பண்ணிட்டீங்க பாஸ்டர். எங்க வீட்டுக்கு வந்து பாருங்க" என்று போதகரையும், சர்ச் ஆபீஸ் டைப்பிஸ்ட் மரியம்மாளையும் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அழைத்து வந்தார்.

சாம்பல் திரைமுன் நின்று அவர் செய்த பிரசங்கம் போதகருடையதைவிட நீளம். "பாருங்க பாஸ்டர், கண்ணுக்குக் குளிர்ச்சி. அலட்டல் இல்ல. இதான் அசல் தொண்ணூத்தெட்டு..." என்னும்போது கரண்ட் போயிற்று. யூ.பி.எஸ். கீக் கீக் என்று கத்திவிட்டு அதுவும் கண்ணை மூடியது.

கரண்ட் வந்தது. ரோஸ் அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் ஏசுராஜே பட்டனை அழுத்திவிட்டார். திரை இருண்டது. நாலு நிறத்தில் கொடி பறந்தது. பக்கத்தில் பெரிதாக இரண்டு எழுத்து.

"எக்ஸ்பின்னு வருதே சார்?" என்றாள் மரியம்மாள்.

கொடி மறைந்தது. பழைய சாம்பல் திரை ஒன்றும் அறியாததுபோல் வந்து நின்றது. ஏசுராஜின் முகத்தில் ஏறிய நிறத்துக்கு எந்த வெளிநாட்டுக்காரனிடமும் மாதிரித் துண்டு கிடையாது.

கேக் தட்டோடு வந்த ரோஸ் சொன்னாள். "எக்ஸ்பிதான் பாஸ்டர். உள்ள புதுசு, மேல பழைய ஃபினிஷிங். எருமைத் தோல்ல முதலை அச்சு அடிக்கிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? சஸ்பென்ஸா கடைசியில சொல்லணும்னு இருந்தாரு, கரண்ட் கெடுத்துட்டுது."

"பிரமாதம் ஏசுராஜ்!" போதகர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சனிக்கிழமை வந்து நம்ம ஆபீஸ்லயும் இப்படிப் பண்ணிக் குடுத்துடுங்க."

அந்த நிமிஷத்தில் ஏசுராஜுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் மானத்தைத் தட்டில் கேக்கோடு சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்த மனைவியைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. விருந்தாளிகள் போனபிறகு மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"மாசக்கணக்கா ஏமாத்தியிருக்கே."

"உங்களுக்கு சீட்டாட்டம் ஆச்சு, எனக்கு கேள்வித்தாள் ஆச்சு. யாருக்கு நஷ்டம்?"

"நயீம் அரை நாள் உக்காந்திருந்தாருன்னியே?"

"வேலை அஞ்சு நிமிஷம். மீதி நேரம் தோசை சாப்ட்டாரு."

ஏசுராஜ் விட்டத்தைப் பார்த்தார். சர்டிபிகேட்டைப் பார்த்தார். பிறகு, கல்யாணமான நாளாக வாயில் வராத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ரோஸ்... அது எங்க இருக்குது?"

ரோஸ் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய தோற்றம் வர எங்கே தட்ட வேண்டும், எதைத் திறக்க வேண்டும், எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். வாரம் முழுக்க அவர் ஒத்திகை பார்த்தார். குளிக்கும்போதுகூட விரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சர்ச் ஆபீஸில் வேலை கனகச்சிதமாக முடிந்தது. புல்மேடு போயிற்று, பச்சைப் பொத்தான் போயிற்று, சாம்பல் வந்தது. போதகர் ஸ்தோத்திரம் சொன்னார். மரியம்மாள் கை தட்டினாள். ஏசுராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினார். கேட் வரைக்கும் போனபிறகுதான் மூக்குக்கண்ணாடியை மேஜைமேலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்ப நடந்தார்.

ஆபீஸ் வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையில் நீல வானம். வெள்ளை மேகம். புல்மேடு. மூலையில் பளிச்சென்று பச்சைப் பொத்தான்.

"இன்னாம்மா இது?"

மரியம்மாள் பதறி எழுந்தாள். "கோவிச்சுக்காதீங்க சார். நீங்க போனதும் புதுசாக்கிக்கலாம், உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் பழசாக்கிடணும்னு நேத்தே உங்க வீட்டு டீச்சர் வந்து சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாங்க. நீங்க ஏன் சார் நடந்து வந்தீங்க?"