சென்னியப்பன் காப்பாற்றிய கல்யாணம்

வீட்டுக்கு ஒருவர் வீதம் நம்மிடையே பரவிவிட்ட இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. நானே வைத்துவிடுகிறேன்: பேக்கப்காரர்.

அடையாளம் சொன்னால் உடனே கண்டுகொள்வீர்கள். இவர் எதையும் பார்க்க மாட்டார், எடுத்து மட்டும் வைப்பார். பிள்ளையின் முதல் பிறந்தநாள், ரேஷன் கார்டின் இரண்டு பக்கங்கள், பாலிடெக்னிக் ஹால் டிக்கெட், காலாவதியான வண்டி இன்சூரன்ஸ், எப்போதோ ஒரு நண்பர் கொடுத்த நூற்றெண்பது சினிமா, அந்த நண்பரே அழித்துவிட்ட அவருடைய ஊட்டிப் பயணம் என்று சகலத்தையும் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, அதை மஞ்சள் துணியில் சுற்றி, பட்டுப்புடவைகளுக்கு நடுவே செருகி, பீரோவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகக் காப்பி கேட்பார். உள்ளே இருப்பது ஓடுகிறதா? அதை ஏன் பார்க்க வேண்டும்? பத்திரமாக இருக்கிறதே, போதாதா?

இந்த லட்சணங்கள் அத்தனையும் ஒருசேரப் பொருந்திய ஒருவரை உங்கள் முன் நிறுத்துகிறேன். பெயர் சென்னியப்பன். பீளமேட்டில் வீடு, பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகர் உத்தியோகம். தண்ணீர் ஏற்றிப் பார்க்காமல் ஒரு மோட்டாரைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார் என்று கம்பெனியில் நல்ல பெயர். வீட்டில் அந்த வழக்கம் கிடையாது.

கல்யாணமான ஆறாவது வருஷத்தில் ஒருநாள் கல்யாண டிவிடியை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினார். டிவிடிக்குள் பத்துப் பதினைந்து ஃபைல்கள் இருந்தன. நாலு மட்டும் தடித்தவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஜிபி. மீதியெல்லாம் பொடிசு. பொடிசுகளில் பல, எதை வைத்துத் தட்டினாலும் திறக்கவில்லை. போதாக்குறைக்கு அவற்றில் சிலவற்றுக்கு இன்னொரு நகல் வேறு இருந்தது. ‘ஒண்ணுக்கு ரெண்டா எதுக்கு இந்தக் குப்பை?’ என்று நினைத்து, நாலு பெரியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தார். எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பொத்தானுக்கு எங்கே போக வேண்டும் என்று பிளேயருக்கு வழி சொல்வதே அந்தப் பொடிசுகள்தான். ஒன்று கெட்டால் இன்னொன்று உதவட்டும் என்று டிவிடியைச் செய்தவர்களே முன்யோசனையோடு போட்டு வைத்த பேக்கப்தான் அந்த இரண்டாவது நகல். ஆக, பேக்கப் எடுக்க உட்கார்ந்த மனிதர் முதல் காரியமாகப் பேக்கப்பை அழித்தார். அப்புறம், அதுதான் உள்ளே ஏற்றியாகிவிட்டதே என்று டிவிடியையும் கொண்டுபோய்க் கொல்லைப்புறக் கொய்யா மரத்தில் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிட்டார். வெயிலிலும் மழையிலும் டிவிடி உரிந்து போனது; கிளிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

இனி இந்த வருஷத்துக்கு வருவோம். சென்னியப்பனின் மாமனார் அப்புசாமி போன வருஷம் காலமானார். செல்போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க வந்தால், “அட, வேற வேலையில்லையா கண்ணு?” என்று தோட்டத்துப் பக்கம் போய்விடுகிற மனிதர். அதனால் அவருடைய குரல் எதிலும் பதிவாகவில்லை, அந்தக் கல்யாண டிவிடியைத் தவிர. அவிநாசியில் இருக்கும் மாமியார் சாந்தாமணியிடம் அதன் இன்னொரு பிரதி இருந்தது. தினமும் காலையில் விளக்கேற்றியதும் அதைப் போட்டுவிடுவார். வருஷத் திதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் மகள் பிரவீனாவைப் போனில் கூப்பிட்டார்.

“சீடி கை தவறி உழுந்து ரெண்டாப் போச்சு கண்ணு. அப்பன் கொரலு அதுல மட்டுந்தான இருந்துது. மாப்ளகிட்டச் சொல்லி ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்றயா?”

சென்னியப்பன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பன்னிரண்டு வருஷமாக இந்த ஒரு அழைப்புக்காகத்தான் அவர் காத்திருந்தார். பீரோவைத் திறந்தார், மஞ்சள் துணியைப் பிரித்தார். பிரவீனா கேட்டாள்:

“ஏனுங்க, அம்மாவுக்கு அப்பா கொரல்தான் வேணும். அது எந்த எடத்துல வருதுன்னு அம்மாகிட்ட ஒருக்காக் கேட்டுப் போடலாமுங்களா?”

“எதுக்குக் கேக்கோணும்? நாலு ஜிபி இருக்குது. கல்யாணமே முழுசா உள்ள இருக்குது. மூணு மணி நேரத்துல உங்கப்பா ஒரு வார்த்தை பேசாமயா போயிருவாரு?”

கேட்க மாட்டார். கேட்டால் பேக்கப்காரர் எப்படி ஆவது?

நாலு ஃபைலையும் அப்படியே ஒரு வெற்று டிவிடியில் ஏற்றினார். பிளேயர் அதை விழுங்கி, நாலு தடவை உறுமி, ‘டிஸ்க் எரர்’ என்று துப்பியது. பென் டிரைவ் செருகுகிற மாதிரி ஒரு டிவி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றாள் பிரவீனா. “உங்கம்மாவுக்குத் தெரிஞ்சது டிவிடிய உள்ள தள்றது மட்டுந்தான். பழசு எப்படியோ அப்படியே செஞ்சு தாரேன் பாரு” என்று வீரம் பேசிவிட்டு, லேப்டாப்பில் மாட்டுகிற டிவிடி ரைட்டர் ஒன்றும், ஐம்பது வெற்று டிவிடிகள் கோத்த ஒரு டப்பாவும் வரவழைத்தார். அழித்த பொடிசுகளைப் புதிதாக உண்டாக்கித் தரும் என்று ஒரு சாஃப்ட்வேர், அது கேட்டது என்று இன்னொன்று, அந்த இரண்டும் ஒத்துப்போக மூன்றாவது ஒன்று என்று இறக்கினார். ஒன்றில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொன்றில் தாலி கட்டிய பிறகு பெண் பார்க்க வந்தார்கள். பதினொரு டிவிடிகள் வீணாகி, அந்த வீட்டில் டீ டம்ளர்கள் எல்லாம் பளபளக்கிற தட்டின் மேல் உட்கார ஆரம்பித்தன. பன்னிரண்டாவது ஓடியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? டிவிடி என்றால் போட்டதும் திரையில் வந்து நிற்க ஒரு முகப்பு வேண்டாமா? படத்தைச் சேர்க்க மூன்று வாரம் எடுத்தவர் முகப்புக்கு ஐந்து வாரம் எடுத்தார். நடுவில் மாலையும் தலைப்பாகையுமாகத் தம்முடைய படம், ஓரத்தில் பாதி பிரவீனா, மேலேயிருந்து ஓயாமல் உதிரும் ரோஜா இதழ்கள், பின்னணியில் நாதஸ்வரம். ‘இணைச்சீர்’, ‘முகூர்த்தம்’, ‘பந்தி’, ‘வரவேற்பு’ என்று நாலு பொத்தான்கள். அடியில் பொன்னெழுத்தில் ‘மறுஉருவாக்கம்: பொறியாளர் சென்னியப்பன்’. ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கி, படம் வருகிறதா என்று ஐந்து விநாடி பார்த்து, திருப்தியோடு அடுத்ததற்குப் போனார். பம்ப்செட்டை இப்படிச் சோதித்திருந்தால் வேலை போயிருக்கும்.

திதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. அவிநாசி வீட்டில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். சென்னியப்பன் டிவிடியை உள்ளே தள்ளிவிட்டு, பக்கவாட்டில் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். ரோஜா உதிர்ந்தது. நாதஸ்வரம் முழங்கி முடிந்து மறுபடி முழங்கியது. தரையில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.

“அத்தை, ரிமோட்டுல ஓகே அமுக்குங்க.”

“நானு அதெல்லாம் அமுக்குனதே இல்லீங்க மாப்ள. உள்ளே போட்டாவே அவரு வந்துருவாருங்களே.”

“யாருங்க அத்தை?”

“உங்க மாமாதானுங்க. மண்டபத்து வாசல்ல நின்னுட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, ‘வாங்க வாங்க, எல்லாரும் சாப்பிட்டுப் போட்டுத்தான் போகோணும்’னு திருப்பித் திருப்பிச் சொல்லீட்டே இருப்பாருங்க. போட்டு உட்டுட்டு நாம்பாட்டுக்கு அடுப்படியில வேலையப் பாப்பேன். கொரலு கேட்டுட்டே இருக்குமுங்க.”

சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய டிவிடியின் முகப்பே மாமனார்தான். படம் பிடித்தவர் அந்தச் சிறு துண்டை எடுத்து முகப்பில் ஓடவிட்டிருக்கிறார். அது இருந்தது அவர் அழித்த பொடிசு ஃபைல் ஒன்றில்.

“உள்ளயும் பேசீருப்பாருங்க அத்தை, இருங்க” என்று தாமே ரிமோட்டை அமுக்கினார். அப்புசாமி இல்லாத இடமே இல்லை. சமையல்காரரை அதட்டினார், சம்பந்தியிடம் சிரித்தார், மாப்பிள்ளை காதில் ஏதோ சொன்னார், மகளை அனுப்பும்போது அழுதுகொண்டே என்னவோ பேசினார். வாய் அசைந்தது. குரல் இல்லை. அந்தக் காலத்து வழக்கப்படி, ஸ்டுடியோக்காரர் முதல் நிமிஷத்திலிருந்து கடைசி நிமிஷம் வரை சினிமாப் பாட்டை நிரப்பியிருந்தார். மூன்று மணி நேரமும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. தாம் காதில் கேட்ட அந்த வார்த்தை என்னவென்று சென்னியப்பன் நினைத்து நினைத்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. அவருக்கு அழுகை வந்தது. இந்த இடத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கும் மனம் வரவில்லை.

படம் முடிந்து, மறுபடி முகப்பு வந்து நின்றது. சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பரவால்லீங்க உடுங்க மாப்ள. நீங்க எத்தனை பாடுபட்டிருப்பீங்க, பாவம். உங்க போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க.”

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

திரும்பும் வழியில் கார் கருமத்தம்பட்டியைத் தாண்டியது. பிறகு பிரவீனா மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்க, அந்தச் சின்ன ஃபைலு எத்தனை எடம் அடைச்சிருக்கும்?”

“ஒரு பதினஞ்சு எம்பி இருக்கும்.”

“இப்ப அந்த டிஸ்க்குல எத்தனை காலியா இருக்குதுங்க?”

பேக்கப்காரருக்கு இந்தக் கணக்கு மட்டும் எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும்.

“அறுநூத்தி நாப்பது ஜிபி.”

அவர் பீளமேடு வரும் வரை ஹார்ன்கூட அடிக்கவில்லை.

நல்ல மனிதர்தான், இப்படி ஆகிவிட்டது என்று நீங்கள் உச்சுக் கொட்டுவது கேட்கிறது. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ உங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க் உங்களுக்கு ஞாபகம் வந்ததல்லவா? வந்ததும் எழுந்து போய்த் திறந்து பார்த்தீர்களா, அல்லது நம்முடையது சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்த வரிக்கு வந்துவிட்டீர்களா? கூச்சப்பட வேண்டாம், வந்து வரிசையில் நில்லுங்கள். எனக்குப் பின்னால் இடம் இருக்கிறது.