கப்பலாரின் நானூறு சுற்று

குடும்பத்தோடு உலகத்தைச் சுற்றி வந்தோம் என்று பத்திரிகையில் படம் போட்டுக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. பாதி உலகத்தை அவர்கள் விமானத்தில் நித்திரையிலேயே கடந்திருப்பார்கள். மனைவி பிள்ளைகளோடு, சொந்தக் காலால், ஒரு கடலையும் மிச்சம் வைக்காமல் உலகத்தைச் சுற்றியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் கப்பலார். அந்தப் பயணம் முழுவதிலும் அவர் புதுக்குடியிருப்பை விட்டு ஒரு முழம்கூட வெளியே போகவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. சண்டையால் பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நான், அங்கே ஒரு பழைய அரிசி ஆலையின் காவல் அறையில் இருந்தேன். டீசல் இல்லாமல் ஆலை நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இலிகிதராகக் கணக்கெழுதியவன் நான். கண்ணில் பட்டதை எண்ணாவிட்டால் சோறு செமிக்காது. ஆலைக் கூரையில் இருநூற்றுப் பதினெட்டுத் தகரம், அதில் முப்பத்தேழு ஓட்டை. வளவில் பதினோரு குடும்பம், ஒரு கிணறு, ஒரு நாய்.

அந்தப் பதினொன்றில் ஒன்று கப்பலார் குடும்பம். பதினாறு வருடம் கப்பல் குசினியில் சமையற்காரராக இருந்து, நாயாற்றுக் கடற்கரையில் வீடு கட்டி, அதையும் விட்டுவிட்டு வந்தவர்கள். மனைவி, பெரிய மகள் ஜெசி, சின்னவள் நிர்மலா. மூத்தவன் ஜூட் இல்லை. அதற்கு முந்தின வருடம் நாயாற்றிலிருந்து மீன்பிடிக்கப் போனவன், இருபத்திரண்டு வயது. படகு கரைக்கு வந்தது. வலை அதற்குள் ஒழுங்காக மடித்தபடி இருந்தது. அவன் வரவில்லை. தாய் மெழுகுதிரி கொளுத்தினாள், கோயில் சுவாமியார் பூசை வைத்தார். கப்பலார் மட்டும் பூசைக்குப் போகவில்லை.

"கடல் எண்டது உருண்டை, அண்ணை," என்றார் என்னிடம். "விழுந்தவன் எங்கையாவது ஒரு கரையில ஏறித்தானே ஆகோணும்? குடும்பமாக் கரை கரையாப் போய்ப் பாக்கப் போறம்."

உலகத்தின் இடுப்பு நாற்பதினாயிரம் கிலோமீற்றர். ஆலையை ஒருமுறை சுற்றினால் நூறு கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், நானூறு சுற்று. நாளுக்கு நாலு என்றால் நூறு நாள். இந்தக் கணக்கை அவர் முதலில் நாலாயிரம் நாள் என்று போட்டுக்கொண்டு வந்தார்; திருத்திக் கொடுத்தது நான். அன்றைக்கே பேசாமல் இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் எங்கள் பகுதியான வன்னியை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இங்கே இருக்கிற ஒருவர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும். மறுநாள் காலை கப்பலார் கொப்பித்தாள் ஒன்றில் பாஸ் படிவம்போலக் கோடு போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"முறைப்படி போகோணும், அண்ணை. பிணைக்கு ஒரு கையெழுத்து வையுங்கோ."

வாசித்துப் பார்த்தேன். போகிறவர்கள்: நாலு. வருகிறவர்கள்: ஐந்து.

"என்ன காணும் இது? நாலு பேர் போய் அஞ்சு பேர் வாறதெண்டு எந்தக் கந்தோரில ஒத்துக்கொள்ளுவினம்?"

"பெடியனையும் கூட்டிக்கொண்டுதானே வருவம்," என்றார் அவர், நான்தான் விளங்காதவன் என்பதுபோல.

கையெழுத்து வைத்தேன். பிணை நின்றவனுக்கு நிம்மதி ஏது? அன்று பின்னேரமே கதிரையை வாசலில் போட்டு, கொப்பியும் பென்சிலுமாக எண்ணத் தொடங்கிவிட்டேன்.

முன்னால் கப்பலார், பின்னால் ஜெசி, நிர்மலா இரண்டு பெட்டைகளும், கடைசியாகத் தாய். முதல் இரண்டு கிழமை முழுக்க ஊருக்கே வேடிக்கை.

"கப்பலார், எங்க நிக்கிறியள்?" என்று ரோட்டில் சைக்கிளில் போகிறவன் கேட்பான்.

"ஏடன் தாண்டீட்டம்!"

"போற வழியில குளிக்க ஒரு சவுக்காரம் வாங்கிக்கொண்டு வாங்கோ!"

சுயஸ் கால்வாயில் கப்பல்கள் வரிசையில் நிற்குமாம். அதனால் நாலு பேரும் கொளுத்துகிற வெயிலில் அரை மணித்தியாலம் அசையாமல் வரிசையில் நின்றார்கள். வடகடல் வந்ததும் குளிருக்குப் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுக நடந்தார்கள்.

"அப்பா, ஹம்பேர்க்கில என்ன பாத்தனீங்கள்?" என்று கேட்டாள் ஜெசி.

"உருளைக்கிழங்கு."

"வேற?"

"வெங்காயம். அங்கத்தை வெங்காயம் கண்ணைக் கரிக்காது."

"இந்த மனுசன் பதினாறு வருசம் உலகம் சுத்தினது குசினி ஜன்னலுக்குள்ளால," என்றாள் தாய் என்னைப் பார்த்து. "எனக்கெண்டு கொண்டு வந்தது ஒரு குடை. அதையும் கொழும்பில வாங்கினவர்."

ஆலையின் பின்பக்கம் போனால் அவர்கள் என் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். மறைந்து, மறுமூலையில் வெளிவர, நான் எழுபது எண்ண வேண்டும். ஒவ்வொரு நாளும் அதே எழுபது. நடுவில், முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில், கப்பலார் ஒருமுறை "ஜூட்!" என்று கூப்பிடுவார். ஒரு துறைமுகத்துக்கு ஒரு கூப்பிடு. கூரைத் தகரம் அதைத் திருப்பிச் சொல்லும். நானும் கொப்பியில் ஒரு கோடு கீறுவேன்.

நூற்றுத் தொண்ணூறாம் சுற்றில் தகரம் திருப்பிச் சொல்லவில்லை.

காற்று மாறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அவருடைய குரல் சுவரில் படாமல் எங்கேயோ தூரத்துக்குப் போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. நானும் ஒருநாள் காலையில் தனியாகப் போய்ப் பின்சுவரின் முன் நின்று இருமிப் பார்த்தேன். என் இருமல் உடனே திரும்பி வந்தது.

இருநூற்று நாற்பதில் எழுபது எண்ணினேன், வரவில்லை. நூறு எண்ணினேன். நூற்று முப்பத்தொன்றில் வந்தார்கள். மழை கண்டு இரண்டு மாதம். நிர்மலாவின் தலைமயிர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எங்கை பிள்ளை நனைஞ்சனீ?"

"அலை, மாமா," என்றாள் அவள், சாதாரணமாக.

வளவு நாய் அதுவரை சுற்றுக்குச் சுற்று கூடவே ஓடியது. அன்றிலிருந்து ஆலையின் மூலைக்கு அங்கால் போவதில்லை. அங்கேயே குந்தியிருந்து, நாலு பேரும் கடந்து போன பிறகும், யாருக்கோ வாலை ஆட்டும்.

முந்நூற்றுப் பத்தில்தான் எண்ணிக்கை பிழைத்தது. போனது நாலு, வந்தது ஐந்து. எனக்குக் கண்ணில் வெள்ளை படர்கிறது என்று நினைத்து இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தேன், ஐந்து. வலக்கண்ணைப் பொத்தினேன், ஐந்து. தலைகளை விட்டுவிட்டுக் கால்களை எண்ணி இரண்டால் வகுத்தேன், அப்போதும் ஐந்து. தாய்க்குப் பத்தடி பின்னால், சாரத்தை மடித்துக் கட்டிய உயரமான ஒருவன், தலையைக் குனிந்தபடி. கிணற்றடிக்கு வருமுன் மறுபடி நாலு பேர்தான்.

அன்று தொடங்கி அவன் நாளுக்கு நாள் கூடத் தூரம் வந்தான். கிணறு வரை. பிறகு வேம்பு வரை. பிறகு நிர்மலா துணி காயப்போடும் கொடிக்கயிறு வரை. என் கதிரைக்கு இன்னும் எத்தனை அடி என்று நானும் கணக்கெடுக்கத் தொடங்கினேன். கப்பலாருக்கு மட்டும் எதுவும் தெரியாது. கப்பலில் பின்னால் பார்க்கக் கூடாதாம். தேடுகிற கரை எப்போதும் முன்னால்தானாம். அவர் முன்னால் பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தார். சுற்றுகள் குறையக் குறைய, கூப்பிடுகிற குரலும் குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடும் குறைந்துவிட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

முந்நூற்றுத் தொண்ணூற்றாறு முடிந்த மறுநாள் காலை, தாய் கிணற்றடியில் என்னை மறித்தாள்.

"அண்ணை, உங்கட கணக்கில எத்தினை பேர்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அஞ்சு," என்றேன்.

வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கு அடிதான் கேக்கும். இடக்கால் கொஞ்சம் இழுபடும். சின்னனில கிணத்துக் கட்டில இருந்து விழுந்தவன். அதுதான் நான் மெல்லமா நடக்கிறனான்."

"அவரிட்டச் சொல்லுவமே?"

"ஐயோ, வேண்டாம்! அந்தாள் திரும்பிப் பாத்திடும். பாத்தா நிப்பானோ, ஆருக்குத் தெரியும்?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இண்டைக்கோட நானூறு முடியுது. கரை வந்தா எல்லாரும் இறங்கித்தானே போகோணும், அவனும்தான், அண்ணை. கணக்கு உங்களிட்டத்தான் கிடக்கு."

முப்பத்தொரு வருடத்தில் ஓர் இலக்கத்தைக்கூட மாற்றி எழுதாதவன் நான் என்றேன். அதெல்லாம் என்னால் ஏலாது என்றேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் கப்பலார் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தார். மூன்றாவது சுற்று முடிந்ததும் என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். அதுவரை அவர் இடையில் நின்றதே இல்லை.

"எத்தினை, அண்ணை?"

முழு உலகத்தையும் தட்டிப் பார்த்து, ஒரு கதவும் திறக்காதவருடைய முகம் அது. அவருக்குப் பின்னால் பெட்டைகள். தாய் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், பத்தடியில், மங்கலில், மடித்துக் கட்டிய சாரம்.

கொப்பியில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடு இருந்தது. இரண்டுமுறை எண்ணிப் பார்த்தேன்.

"முந்நூற்றி முப்பது," என்றேன்.

"என்ன அண்ணை! நான் முடியப் போகுதெண்டெல்லோ நினைச்சனான்!"

"நீர் குசினிக்காரன். கணக்கு என்ர வேலை. நடவும் காணும்."

"அப்ப இன்னும் எழுபது துறைமுகம் கிடக்கு!" அவருடைய முதுகு நிமிர்ந்ததை நான் கண்டேன். "பிள்ளையள், நடவுங்கோ! தென்னமெரிக்காப் பக்கம் நாங்கள் வடிவாப் பாக்கேல்லை!"

அவர் போனார். பெட்டைகள் போனார்கள். தாய் என் முகத்தைப் பாராமலே போனாள். சுவருக்கும் என் கதிரைக்கும் இடையில் பாதை ஒடுக்கம். நான் இரண்டு கால்களையும் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்கு வழி விட்டேன்.