ஜிஷ்காவைத் தேடிய போலீஸ்

அறுபதுகளில் கடலூர் முழுக்கத் தேடினாலும், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செக் நாட்டில் நடந்ததை நினைத்துச் சோறு இறங்காமல் தவிக்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் டுட்டோரியலின் பொகீமியா சார்; செக் நாட்டின் பழைய பெயரையே பையன்கள் அவருக்கு வைத்துவிட்டார்கள்.

நான் கணக்கு, அவர் சரித்திரம். சிதம்பரத்தில் எம்.ஏ. படித்தபோது ஏதோ தடித்த புத்தகத்துக்குள் போனவர், திரும்பி வரவேயில்லை. அசோகரில் தொடங்கும் பாடம் ஜான் ஹஸ்ஸில் முடியும். திருச்சபையின் தப்பைச் சொன்ன பாதிரியார் அவர். சொன்னதை வாபஸ் வாங்கினால் விடுகிறோம் என்றார்கள். மாட்டேன் என்று தீயில் வெந்தார். பரீட்சையில் அக்பரைப் பற்றிக் கேட்ட கேள்விக்கும் எங்கள் பையன்கள் ஹஸ்ஸை எரித்துவிட்டு வந்தார்கள்.

அடுத்தவர் ஜிஷ்கா. ஹஸ் வழி வந்தவர்களின் தளபதி, ஒற்றைக் கண்ணர். வண்டிகளை வட்டமாக நிறுத்திக் கோட்டையாக்கி, குதிரைப்படைகளை விரட்டியவர்.

ஒரு நாள் நெல்லிக்குப்பம் போயிருந்தோம். ஆலை ரோட்டில் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நடுரோட்டில் பெரிய வட்டம். சார் சொன்னதை எடை போடப் புது முறை என்று வண்டிக்காரர்கள் நம்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பஸ் நின்றுவிட்டது. ஏட்டு வந்தார்.

"யாரு சொல்லிய்யா இப்புடி நிறுத்துனீங்க?"

"இது ஜிஷ்காவோட ஏற்பாடுங்க" என்றார் சார் பெருமையாக.

"ஆளு எப்புடி இருப்பான்?"

"ஒத்தக் கண்ணுங்க."

கண்வலிக்கு ஒரு கண்ணில் துணி கட்டியிருந்த வண்டிக்காரர் கோவிந்தனை ஏட்டு பிடித்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் சார் விளக்க விளக்கக் குழப்பம் ஜாஸ்தியானது. ஹஸ்ஸை எரித்துவிட்டார்கள் என்றதும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்த ஊரில் என்று கேட்டார். கோவிந்தனோ, மாடுகள் தண்ணியில்லாமல் நிற்கின்றன என்று அழுதார்.

கடைசியில் இன்ஸ்பெக்டருக்கு அலுத்துவிட்டது. "அப்புடி எவனும் கெடையாது, எல்லாம் நீயே கட்டுன கதைன்னு சொல்லு. இந்தாள விட்டுடறேன்."

சார் ஒத்துக்கொள்வாரா? ஹஸ்ஸின் பக்தராயிற்றே. சார் தரையைப் பார்த்தார். கோவிந்தனைப் பார்த்தார்.

"ஆமாங்க. ஜிஷ்காவும் இல்ல, ஹஸ்ஸும் இல்ல. எல்லாம் நான் கட்டுனதுதான்."

கோவிந்தன் மாடுகளிடம் ஓடினார். எங்களையும் திட்டி அனுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

"சார், அந்த ஜிஷ்காவுக்கு இன்னொரு கண்ணும் போயிடுச்சே, அப்புறம் எப்புடி சண்ட போட்டாரு?" என்று கேட்டேன்.

நூறு தடவை கேட்ட கதை. கடலூர் வரும்வரை சொன்னார்; வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.