சுக்கான் பக்கத்து மைக்

சபரிநாதன் மறுபடியும் மைக்கின் பொத்தானை அழுத்தி, "யோகா, கேக்குதா? ஓவர்" என்றார்.

பதில் இல்லை. மைக்கின் சின்னத் திரையில் வெளிச்சமும் இல்லை. செத்த எலியைப் பிடித்ததுபோல அதை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். வயர் சரியாகத்தான் இருந்தது.

வெம்பக்கோட்டை அணையில், கரைக்குக் கொஞ்சம் தள்ளி, அவருடைய பாய்மரப் படகு நங்கூரம் போட்டு நின்றது. சிவகாசிப் பட்டாசு முதலாளி ஒருவர் தூத்துக்குடியிலிருந்து லாரியில் படகு ஏற்றி வந்திருக்கிறார் என்றால் சும்மாவா? கரை முழுக்கக் கூட்டம். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வேன் ஒன்று அம்மனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றிருந்தது.

விஷயம் இதுதான். சென்னைப் பக்கத்துக் கடற்கரை விடுதி ஒன்று, புத்தாண்டு அன்று கடலில் படகிலிருந்து வாணவேடிக்கை காட்ட ஆள் தேடியது. அந்த ஆர்டர் கிடைத்தால் வருசா வருசம் கிடைக்கும். சோதித்துப் பார்க்க வந்திருந்த விடுதி மேலாளர் பிரீத்திகா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சுக்கான் பிடிக்கிறவர், சுக்கானை விடாமலே கரையோடு பேச வேண்டும். பொழுது சாய்வதற்குள் பேசிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

படகின் ரேடியோ கீழே உள்ள சின்ன அறையில் இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் இழுத்து, மேலே சுக்கான் பக்கத்தில் இன்னொரு மைக் மாட்டியிருந்தார்கள். அந்த மேல் மைக்தான் செத்துக் கிடந்தது.

சபரிநாதன் தடதடவென்று படி இறங்கினார். கீழே பட்டாசுப் பெட்டிகளுக்குக் காவலாக அவருடைய போர்மேன் இசக்கிப்பாண்டி உட்கார்ந்திருந்தான். ரேடியோவில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கரையில் கைரேடியோவோடு நின்ற மனைவி யோகேஸ்வரியின் குரல் அறையை நிறைத்தது.

"ஏங்க! எங்க போனீக? இந்தம்மா கைக்கடியாரத்தப் பாத்துக்கிட்டே இருக்காக!"

"மைக் வேலை செய்யல யோகா. ஓவர்."

"இப்பப் பேசுறீகளே?"

"இது கீழ உள்ள மைக். மேல உள்ளதுதான் பேசல. ஓவர்."

"அப்ப கீழ இருந்தே பேசிட்டுப் போங்களேன்."

"கீழ இருந்தா படகை யாரு ஓட்டுவா, ஒங்க அண்ணனா? ஓவர்."

"எங்க அண்ணன் அப்பமே சொன்னாரு, தண்ணியில்லாத ஊர்ல மாப்பிள்ளைக்கு எதுக்குப் படகுன்னு."

சபரிநாதன் மேலே ஓடினார். வயரின் முனையைக் கழற்றினார், ஊதினார், திருகி மாட்டினார். வெளிச்சம் இல்லை. கீழே ஓடினார். பச்சை விளக்கு.

"ஏ இசக்கி, கீழ நல்லாத்தான இருக்கு?"

"கீழ ஒரு குறையும் இல்ல மொதலாளி" என்றான் இசக்கிப்பாண்டி.

மறுபடி மேலே போய், நகவெட்டியால் மைக் முனையிலிருந்த ஊசிகளைச் சுரண்டினார். இரண்டு ஊசிகள் வளைந்தன. நிமிர்த்தினார். ஒன்று ஒடிந்தது. அதைப் பார்க்காததுபோல மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது பாய்மரக் கட்டை பின்மண்டையில் இடித்தது.

கரையில் யாரோ, "அண்ணாச்சி விழுந்துராதீக!" என்று கத்த, கூட்டம் கைதட்டியது.

கீழே வந்ததும் யோகேஸ்வரி உற்சாகமாகக் கூப்பிட்டாள். "ஏங்க, படகு வித்தவருகிட்ட போன்ல பேசிட்டேன். கீழ ரேடியோவுல பச்ச லைட்டு எரியுதான்னு மொதல்ல பாக்கச் சொல்றாரு."

"எரியுது! ஜம்முன்னு எரியுது!"

"அப்ப கரண்டுல கோளாறு இல்லையாம். நடுவுல வயரு அத்திருக்குமாம். பலகையக் கழத்திப் பாக்கணுமாம்."

சபரிநாதனுக்கு உயிர் வந்தது. மேலே பாய்ந்து, சுக்கானுக்குப் பக்கத்துப் பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வயர் அறுந்திருக்கவில்லை. ஆனால் நங்கூரக் கயிறு கட்டியிருந்த கொக்கியும் அதே பலகையில்தான் இருந்தது. கடைசித் திருகாணி கழன்றதும் பலகை, கொக்கி, கயிறு எல்லாம் ஊர்வலமாகக் கிளம்பித் தண்ணீருக்குள் போயின.

படகு அசைந்தது. மேல்காற்று அதைக் கரைப் பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. பின்னால் கட்டியிருந்த மிதவையும், வாணக் குழாய்களோடும் அதில் நின்ற வேலையாட்கள் நால்வரோடும் கூடவே வந்தது.

சபரிநாதன் சுக்கானைத் தாவிப் பிடித்தார். இப்போது அதை விட்டுவிட்டுக் கீழே போக முடியாது. கரையில் நிற்பவர்களை ஒதுங்கச் சொல்லியாக வேண்டும். சுக்கான் பிடிக்கிறவர் சுக்கானை விடாமலே பேச வேண்டும் என்று அந்தப் பெண் ஏன் சொன்னாள் என்பது அவருக்கு முழுசாகப் புரிந்தது.

"யோகா! எல்லாரையும் வெலகச் சொல்லு! ஓவர்! ஓவர்!" என்று செத்த மைக்கில் அலறினார். கரையில் ஒரே விசில் சத்தம். யாருக்கும் கேட்கவில்லை.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. உருவி, தலைக்கு மேல் சுழற்றினார்.

துண்டின் நிறம் சிவப்பு.

அவருடைய கம்பெனியில் சிவப்புத் துணி ஆடினால் ஒரே அர்த்தம்தான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, எதற்கென்று அப்புறம் கேள். மிதவையில் நின்ற நால்வரும் சேர்ந்தாற்போலத் தண்ணீரில் குதித்தார்கள். கரையில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் ஓட, ஏனென்று தெரியாமல் மீதிப் பேரும் ஓடினார்கள். சுண்டல்காரர் சட்டியை விட்டுவிட்டு ஓடினார். இருக்கன்குடி வேன், ஏறிய வரைக்கும் ஏற்றிக்கொண்டு பறந்தது. யோகேஸ்வரி ஒரு கையில் ரேடியோவும் மறு கையில் பிரீத்திகாவுமாகக் கருவேலங்காட்டுக்குள் மறைந்தாள்.

ஆளே இல்லாத கரையில் படகு மெதுவாகச் சேற்றில் முட்டி நின்றது.

சபரிநாதன் தள்ளாடிக் கீழே இறங்கினார். ரேடியோவை எடுத்தார். "யோகா... ஒண்ணும் வெடிக்கல. எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுரு. ஓவர்."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு பிரீத்திகாவின் குரல் வந்தது.

"சார், என்னோட ஒரு செருப்பக் காணோம். கை காலெல்லாம் முள்ளு. ஆனா நான் எத்தனையோ கம்பெனியப் பாத்திருக்கேன். ஒரு துணிய ஆட்டினதும் ஒருத்தர்கூட நின்னு கேள்வி கேக்காம இப்படி ஓடினத எங்கேயுமே பாத்ததில்ல. உங்க பயிற்சியா சார்?"

"ஆமா..." என்றார் சபரிநாதன். "நம்ம சட்டதிட்டம்தான்."

"ஆர்டர் உங்களுக்குத்தான். அந்த மைக்க மட்டும் புதுசா மாத்திடுங்க."

"ஓவர் சொல்லணும்மா" என்று பின்னால் யோகேஸ்வரி பிரீத்திகாவுக்குச் சொல்லிக் கொடுப்பது கேட்டது.

சபரிநாதன் துள்ளிக் குதித்து மேலே ஏறினார். சுக்கான் பக்கத்து மைக்கை வயரோடு பிடுங்கினார். தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி அணையின் நடுவை நோக்கி வீசினார். அது பொளக்கென்று முங்கியதைக் கண்குளிரப் பார்த்தார்.

"ஒழிஞ்சது சனியன்! ஏ இசக்கி, நாளைக்கே புது மைக் வாங்கி மாட்டுறோம்லே!"

படிக்கட்டு வழியாக இசக்கிப்பாண்டியின் தலை மட்டும் மேலே வந்தது.

"மாட்டுங்க மொதலாளி, ஆனா நீங்க படி எறங்கையில மெயின் சுச்சப் போட்டு, ஏறையில அணைக்கிறத மட்டும் நான் நிறுத்த மாட்டேன், வெடிமருந்து இருக்குற ரூமுல மொதலாளி இல்லாத நேரம் கரண்டு ஓடக்கூடாதுங்கிறது நீங்க போட்ட சட்டமாச்சே!"