அரைப் பக்கத்துக்கு ஒரு நாய்

"அரைப் பக்கம் காலியா இருக்கு சார். பூப் படம் ஒண்ணு போட்டுடவா?"

அச்சகத்திலிருந்து போனில் இப்படிக் கேட்டதும் மடல்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"பூவா? இது கால்நடை மருத்துவக் கல்லூரிச் செய்திமடல்யா, கல்யாணப் பத்திரிகை இல்ல. ஒரு மணி நேரம் கொடு."

அவர் கல்லூரி அலுவலகத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர். மாதம் ஒருமுறை வரும் நாலு பக்கச் செய்திமடலையும் இருபது வருடங்களாக அவர்தான் எழுதினார். அதனால் வளாகத்தில் எல்லோருக்கும் அவர் மடல்காரர். நாளடைவில் வீட்டில் மனைவிக்கும் அப்படியே ஆகிவிட்டது.

கோடை மாதங்கள்தான் அவருக்குக் கண்டம். மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். விடுதி பூட்டிக் கிடக்கும். எக்ஸ்ரே அறைக்குப் புது மின்விசிறி வந்ததை எழுதியாயிற்று. குதிரைக் கொட்டகையில் தொட்டி ஒழுகுவது நின்றதை எழுதியாயிற்று. உடற்கூறியல் பேராசிரியருக்கு இரட்டைப் பேத்திகள் பிறந்ததை எடையோடு எழுதியாயிற்று. அப்படியும் அரைப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

ஜன்னலுக்கு வெளியே மேனேஜர் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் என்பது ஒரு நாய். கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே வளரும் பெரிய பழுப்பு நாய். நோயாளி நாய்களுக்கு ரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பது அதன் வேலை. மற்ற நேரங்களில் எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி எட்டிப் பார்க்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

மடல்காரர் பேனாவை எடுத்தார். மூன்று வருடங்களில் பதினோரு முறை ரத்தம் கொடுத்திருக்கிறது என்று எழுதினார். அது பதிவேட்டில் இருந்தது. பிறகு பேனா தானாக ஓடியது. 'ஒவ்வொரு முறையும், தன் ரத்தம் எந்த நாய்க்கு ஏறியதோ அதன் கூண்டை இது தானே தேடிப் போகிறது. அந்த நாய் எழுந்து நிற்கும் வரை பக்கத்திலேயே படுத்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.'

எழுதி முடித்ததை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். அழகாக இருந்தது. முழுப் பொய்யாகவும் இருந்தது.

மடல் வெளியான மறுநாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மாள் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்த புதிதில் மடலையே நிறுத்தப் பார்த்தவர். "இருபது வருஷத்துல இதுல ஒரு பொய் வந்ததில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்காக விட்டு வெக்கிறேன். ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே நிறுத்திடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

இன்று அவர் கையில் மடல் இருந்தது. கண்ணில் வெளிச்சம் இருந்தது.

"இதைப் படிச்சு நான் ராத்திரி பூரா தூங்கல. இப்படியும் உண்டா! எனக்கு இதை நேர்ல பார்க்கணும்."

"கூட்டம் இருந்தா அது செய்யாதுங்க மேடம். கூச்ச சுபாவம்."

"மேனேஜருக்கா? நேத்து என் மேஜை மேல ஏறி என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துச்சே?"

"அது... பழகினவங்க கிட்ட மட்டும்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு வருது. அவங்களும் பார்க்கட்டும்."

"ஒரு தடவை ரத்தம் கொடுத்தா மூணு மாசம் இடைவெளி விடணும் மேடம். இப்பத்தான் கொடுத்த மாதிரி ஞாபகம்."

முதல்வர் பதிவேட்டை வரவழைத்தார். சரியாக வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிந்தது. அந்தப் பதிவேட்டை ஒரு நாள் தவறாமல் எழுதி வைத்திருந்தவரும் மடல்காரர்தான்.

"இனி ரத்தம் தேவைப்படற நாய் ஒண்ணு வரணுமே மேடம்" என்றார், கடைசி நம்பிக்கையாக.

அது புதன்கிழமை காலை வந்தது. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் தன் வெள்ளை நாயை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். உண்ணிக் காய்ச்சல். ஈறுகள் காகிதம் போல வெளுத்திருந்தன. மூன்றாம் கூண்டில் சேர்த்தார்கள். அவர் நேராக அலுவலகத்துக்கு வந்து மடல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேற ஆஸ்பத்திரியில பார்த்துட்டிருந்தேங்க. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு இங்க தூக்கிட்டு வந்துட்டேன். இவன் என் வீட்டுக்காரி வளர்த்தவன். போன வருஷம் அவ போயிட்டா. அவ செருப்பு மேலதான் இவன் இன்னும் தூங்கறான். நான் கடைக்குப் போயிட்டா இவனுக்கு யாரு இருக்கா சொல்லுங்க? பக்கத்துல ஒரு துணை படுத்திருக்கும்னு எழுதியிருந்தீங்களே, அதான் வந்தேன்."

மடல்காரருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்துதான் இருந்தார்.

உண்மையில் மேனேஜர் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்தவர் ஒருவர்தான். நாய் வார்டைக் கழுவி, கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. முதல்வர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அக்காவிடம் கேட்டால் பொய் அம்பலமாகிவிடும். அக்காவுக்குக் குரலும் பெரிது. எனவே மடல்காரர் மூன்று நாட்கள் அவர் கண்ணில் படாமல் தூணுக்குத் தூண் ஒளிந்து நடந்தார். ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டார்.

"என்ன சார், நம்ம வார்டுல திருவிழாக் கணக்கா நாற்காலி போடறாங்க?"

"மடல்ல போட்டிருந்தோமேக்கா. படிக்கலையா?"

"இருபது கூண்டு கழுவறவளுக்கு மடல் படிக்க ஏது நேரம்? நகருங்க, கால் நனையும்."

தப்பித்தோம் என்று ஓடினார்.

புதன்கிழமை மாலை மனைவியிடம் ஈரல் வறுக்கச் சொன்னார். உப்பு, காரம் கூடாது என்றார்.

"ஏன், உங்களுக்கு ரத்தக் கொதிப்பா?"

"எனக்கில்ல. மேனேஜருக்கு."

"எந்த மேனேஜர், உப்பில்லாம ஈரல் தின்னுட்டுப் பதவி உயர்வு கொடுக்கறவர்?"

விஷயத்தைச் சொன்னார். மனைவி கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். "இருபது வருஷம் மின்விசிறியும் தொட்டியும் எழுதின மனுஷன். பொய் சொல்லணும்னு தோணினா, சின்னதா ஒண்ணு சொல்லிப் பழகியிருக்கக் கூடாதா? எடுத்த எடுப்புல இமயமலையா?"

வியாழக்கிழமை ஒத்திகை. மேனேஜர் மூக்கில் ஈரலைக் காட்டிவிட்டு மூன்றாம் கூண்டு வரை நடத்திக்கொண்டு போகலாம் என்பது திட்டம். நாய் கூண்டைப் பார்க்கவில்லை. ஈரல் இருந்த சட்டைப்பையைப் பார்த்தது. அங்கிருந்து அலுவலகம் வரை அவர் பின்னாலேயே வந்து, மேஜைக்கடியில் படுத்து, அவர் காலைத் தலையணையாக்கிக்கொண்டது. கூடவே குடல்புழு மருந்துக்கு வந்திருந்த நாலு நாய்களும் வந்தன. அவற்றைத் தேடிக்கொண்டு அவற்றின் சொந்தக்காரர்களும் வந்தார்கள்.

"சார் கையில என்னமோ இருக்குங்க. ராசி" என்றார் ஒருவர் பக்தியோடு. சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தியும் பரவி, நாய்களோடு பேசத் தெரிந்தவர் மடல்காரர் என்று ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வார்டில் நிற்க இடமில்லை. நிர்வாகக் குழு முன் வரிசையில். பின்னால் பேராசிரியர்கள், அவர்கள் குடும்பங்கள், ஓய்வுபெற்றுப் போனவர்கள், ஆய்வகத்துப் பெண்கள், எதிர்த் தெருக் கடைக்காரர்கள். கோடையில் அந்த வளாகத்தில் அவ்வளவு பேர் கூடியதில்லை. ரத்தம் எடுப்பதும் ஏற்றுவதும் காலையிலேயே முடிந்திருந்தது. அதைச் செய்த டாக்டர், கன்று போட முடியாமல் தவித்த பசுவொன்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் போயிருந்தார். மடல்காரர் எல்லோரும் வருவதற்கு முன்பே வந்து, மூன்றாம் கூண்டுக்குப் பின்னால் அரைக் கிலோ ஈரலைச் சொருகி வைத்திருந்தார்.

கூண்டருகே கடிகாரக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கதவைத் திறந்தார்கள்.

மேனேஜர் வந்தது. முன்னங்காலில் வெள்ளைக் கட்டு. வழக்கமான துள்ளல் இல்லை. யாரையும் பார்க்கவில்லை. தரையில் மூக்கை வைத்து, எதையோ எழுத்துக்கூட்டிப் படிப்பது போல மெல்ல நடந்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாம் கூண்டில் நின்றது. மேனேஜர் ஈரல் இருந்த பக்கம் ஒருமுறை முகர்ந்தது.

நேற்று ஈரலுக்காக அவர் பின்னாலேயே அலைந்த நாய், இன்று அதைத் தாண்டிப் போயிற்று.

நாலு. ஐந்து. ஆறு. மூலையில் ஏழாம் கூண்டு. அங்கே ஒரு கறுப்பு நாய் கிடந்தது. முந்தின நாள் வண்டியில் அடிபட்டுத் தெருவிலிருந்து வந்தது. அதற்குச் சொந்தக்காரர் இல்லை, பெயர் இல்லை, பார்க்க வந்தவரும் இல்லை. மேனேஜர் கம்பியோரம் உடம்பை நீட்டிப் படுத்தது. மூக்கைக் கம்பிக்கிடையில் நுழைத்து ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளே கறுப்பு நாய் கண்ணைத் திறந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. இழுத்து இழுத்து நகர்ந்து வந்து, அந்த மூக்கில் தன் நெற்றியை வைத்தது.

அவ்வளவு பேர் இருந்த இடத்தில் சொட்டுக் குழாயில் மருந்து விழுவது கேட்டது. எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே சிலர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்கள்.

அப்போது குழுவில் ஒருவர் குனிந்து முதல்வரிடம் கேட்டார். "மூணாம் கூண்டுன்னுதானே சொன்னீங்க?"

முதல்வர் திரும்பி மடல்காரரைப் பார்த்தார். 'நாய்க்கு இன்று உடம்பு சரியில்லை மேடம்' என்று சொல்லியிருக்கலாம். வாயில் அது தயாராக இருந்தது. அதற்குள் கடிகாரக்காரரின் குரல் கேட்டது.

"இங்க வாடா ராஜா. இவன் இங்க இருக்கான் பாரு. இங்கடா."

மேனேஜர் காதைக்கூட அசைக்கவில்லை. கடிகாரக்காரர் எழுந்து மடல்காரரிடம் வந்தார். "நாய்க்குத் தெரியும்னு சொல்வாங்க. இவன் பிழைக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் நிக்காமப் போயிடுச்சா? உள்ளதைச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

தாங்க மாட்டார் என்று முகத்தில் எழுதியிருந்தது. மடல்காரர் இருபது வருட மடலை ஒருமுறை நினைத்துக்கொண்டார். பிறகு அதை விட்டுவிட்டார்.

"அய்யா, அப்படி எதுவும் இல்ல. உங்க நாய்க்கு ஒண்ணும் ஆகாது. தப்பு என்னுது." முதல்வர் பக்கம் திரும்பினார். "மேடம், அரைப் பக்கம் காலியா இருந்துச்சு. நான் எழுதினது முழுப் பொய். எந்த நாயும் அப்படிச் செய்யாது. இது சும்மா நிழல் பார்த்துப் படுத்திருக்கு. மடலை இன்னிக்கே நிறுத்திடுங்க."

முதல்வரின் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்துகொண்டே வந்தது. பின்னாலிருந்து வாளியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்தார்.

"நகருங்க, நகருங்க. என்ன சார் பொய்யி? இவரு நாய்க்கு மேனேஜர் ரத்தம் சேரலைன்னு டாக்டர் காலையில வேற நாய்கிட்ட எடுத்து ஏத்தினாரு; மேனேஜர் ரத்தம் ஏறினது அந்த மூலைக் கறுப்பிக்கு, அதான் எப்பவும் போல அங்க போய்ப் படுத்திருக்கான்."