ஐந்து மணிக்குச் சாத்திய சன்னல்

நீலசந்திரா, பெங்களூரு.
செப்டம்பர் 24.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் பால்ராஜுக்கு ஓஸ்வால்ட் எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். ஆண்டவருடைய கிருபையால் இங்கே என் வலது கையில் இரண்டு விரல்களைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். வேலூரில் நீங்களும் அக்காவும் மருமகள் நிக்கோலும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். விரல்கள் கட்டில் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கைதான் எழுதுகிறாள். (அண்ணா, டோரீன். இவர் சொல்வதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன். நம்புவது உங்கள் பாடு.)

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி நிக்கோலின் நிச்சயதார்த்தத்தில் ஆரம்ப ஜெபம் செய்ய வேண்டியவன் நான். வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஏழு மணிவரை காத்திருந்து, பிறகு போதகரையே ஜெபம் பண்ணச் சொன்னீர்களாம். சம்பந்தி வீட்டாரிடம் எனக்குக் காய்ச்சல் என்றீர்களாம். காய்ச்சல் இல்லை மச்சான். காரணம் டிரான்ஸ்ஃபர் விண்டோ. இதை டோரீனிடம் சொன்னபோது, “எந்த வீட்டு சன்னல்?” என்று கேட்டாள். 

நீங்கள் ஆறு வருடம், இப்போது நான் செயலாளராயிருக்கும் நம் நீலசந்திரா ரிவெட்டர்ஸ் கால்பந்து அணிக்கு லெஃப்ட் ஹாஃப் ஆடியவர். அந்தக் காலத்தில் ஒருவன் அணி மாறினான் என்பதை அவன் பனியன் யார் வீட்டுக் கொடியில் காய்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டோம். இப்போது அப்படி இல்லை. வருடத்தில் இரண்டு முறை சில வாரங்கள் மட்டும் சன்னலைத் திறப்பார்கள். அதற்குள் ஆளை எடுக்கலாம், விடலாம். சாத்திவிட்டால் அடுத்தது ஜனவரியில்தான். இந்தத் தடவை ஆகஸ்ட் முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்குச் சாத்தினார்கள்.

நம்முடைய கோல்கீப்பர் ஜெயவேலு. மாரிக்குப்பத்திலிருந்து தினமும் விடியற்காலை ரயிலில் வந்து, கூரியர் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் நமக்குப் பயிற்சிக்கு நிற்பவன். அவன் அப்பா தங்க வயலில் சுரங்கத்துக்குள் இருபத்திரண்டு வருடம் துளை போட்டவர். இப்போது சிலிண்டர் வைத்துத்தான் மூச்சு விடுகிறார். போன வருடம் நாம் கடைசி இடத்துக்குப் போகாமல் தப்பித்தது ஜெயவேலுவின் இரண்டு கைகளால்தான்.

அவனைப் பணக்கார அணியான டெக்கான் ஆர்க்கிட்ஸ் கேட்கப்போகிறார்கள் என்று ஜூலையிலேயே பேச்சு வந்தது. அப்போதே மைதான வாசலில் மெஸ் வைத்திருக்கும் மரகதம் அம்மா என்னைக் கூப்பிட்டு, “அந்தப் புள்ளைக்கு அவங்க என்ன குடுப்பாங்களோ அதுல பாதிய நான் போடறேன், மீதிய நீங்க பாருங்க” என்றார்கள். நான் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே பதிவுப் பிரிவில் இருப்பது சுப்ரியா என்கிற பெண், கன்னடக்காரம்மா, நம்மிடம் தமிழில்தான் பேசும். “ஆகல்ல சார், முடியாது. உங்க வருமானத்துல எழுபது பர்சென்ட்டுக்கு மேல சம்பளம் குடுக்கக் கூடாது. சின்ன கிளப்புங்க கடன்ல முழுகக் கூடாதுன்னுதான் அந்த ரூல் போட்டிருக்கு. அன்பளிப்பு வருமானம் இல்ல சார். விளம்பரம்னா வருமானம்” என்றது.

சரி, விளம்பரமாகவே இருக்கட்டும் என்று சட்டையில் ‘மரகதம் மெஸ்’ என்று அச்சடித்தோம். அது நியாயமான விளம்பர மதிப்புதானா என்று ஆராய ஒரு அதிகாரி வந்தார். இரண்டு பொங்கல், ஒரு வடை, ஒரு காபி சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். ஆனால் இத்தனை சின்ன மெஸ் இத்தனை பெரிய விளம்பரம் கொடுப்பது இயற்கையாக இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். டெக்கான் ஆர்க்கிட்ஸ் முதலாளிக்கு ஐந்து கம்பெனி. சட்டையில் ஒரு கம்பெனி, டிரவுசரில் ஒரு கம்பெனி, காலுறையில் ஒன்று, தண்ணீர் பாட்டிலில் ஒன்று. ஐந்தாவது, கார்னர் கொடியில். தன் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொள்கிறார், அதற்குப் பெயர் வருமானம். அது இயற்கையாக இருக்கிறதாம். நான் படித்தது ஐ.டி.ஐ. மட்டும்தான் மச்சான், ஆனாலும் கேட்கிறேன், இல்லாதவன் கடன்படாமலிருக்கப் போட்ட சட்டம், இருக்கிறவனைத் தவிர வேறு யாரும் வளரக் கூடாது என்று எப்படி ஆனது?

முப்பத்தொன்றாம் தேதி காலை டோரீன் முன்னாடியே வேலூருக்குக் கிளம்பிவிட்டாள். நான் ஒரு மணி பஸ் பிடிப்பதாக இருந்தேன். புது வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பன்னிரண்டே காலுக்கு ஜெயவேலு வந்தான். உட்காரவில்லை. “அண்ணே, ஆர்க்கிட்ஸ்லேருந்து லெட்டர் வந்திருச்சு. கையெழுத்து போட்டுட்டேன்” என்றான். அப்புறம், “அப்பாவுக்கு ஆஸ்பத்திரி கார்டு குடுக்கறாங்கண்ணே” என்றான். போடா ராஜா என்றேன். அவனைத் திட்டி எழுதத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன், வரவில்லை.

ஐந்து மணிக்குள் வேறு கோல்கீப்பர் வேண்டும். இரண்டாவது கீப்பர் பரத் இருக்கிறான், ஆனால் அவன் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து வீட்டில் கிடக்கிறான். அத்திபெலேயில் மரக்கடையில் ஒருத்தன் நல்ல உயரம், எந்த அணியிலும் இல்லை என்று கேள்வி. ஓசூர் ரோடு நெரிசலில் ஸ்கூட்டரில் போய்ச் சேர இரண்டே கால் மணி நேரம். வேட்டிப் பை எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆள் தங்கமானவன், உடனே கையெழுத்துப் போட்டான். அவனுடைய போட்டோவுக்குப் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. மரக்கடையில் வெள்ளைக்கு எங்கே போவது, பக்கத்து டெய்லர் கடையில் ஒரு பாவாடைத் துணியைப் பிடித்து எடுத்தோம். ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது எல்லாம் ஏறிவிட்டது. கடைசியாக ஓ.டி.பி. கேட்டது. அந்த நம்பர் அவன் மனைவியிடம். அவள் ஓசூரில் பிரசவத்துக்குப் போன தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறாள். அவள் போனை எடுத்து, கண்ணாடியைத் தேடி, நம்பரைப் படித்தபோது ஐந்து மணி ஒரு நிமிடம்.

சுப்ரியாவுக்குப் போன் போட்டேன். “ஆகல்ல சார், க்ளோஸ் ஆயிடுச்சு.” ஒரு நிமிடம்தானே அம்மா என்றேன். “உங்களுக்கு ஒரு நிமிஷம் விட்டா ஆர்க்கிட்ஸுக்கு ஒரு நாள் விடணும் சார். விண்டோவே இல்லேன்னா வாரா வாரம் வந்து உங்காளுங்கள தூக்கிட்டுப் போவாங்க, யோசிச்சுப் பாருங்க” என்றது. யோசித்துப் பார்த்தேன். அதுவும் சரிதான். அதனால்தான் இன்னும் வயிறு எரிந்தது. மரக்கடை வாசலில் ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். போனில் உங்களுடைய பதினொரு அழைப்பு இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் அணைத்துவிட்டேன். அது என் குற்றம்.

இனி விரல்களின் விவரம். பதிவுப் பட்டியலில் இருபது பேர் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. நமக்குப் பதினெட்டுப் பேர். எண்ணிக்கைக்காக மிச்ச இரண்டு இடத்தில் கோச் பெயரையும் என் பெயரையும் கீப்பர் என்று எழுதியிருந்தோம், கீப்பராகப் பதிவானவன்தான் கோலில் நிற்கலாமாம். கோச்சுக்கு முட்டி மடங்காது. ஆகையால் செப்டம்பர் பதினேழாம் தேதி, ஐம்பத்தெட்டு வயதில், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, நான் கோலில் நின்றேன். எதிரணி டெக்கான் ஆர்க்கிட்ஸ். (அண்ணா, என்னிடம் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொன்னார்.)

ஒன்பது கோல். முதல் நாலைந்துக்கு நம் ஆட்களே என்னைப் பார்க்காமல் பந்தை எடுத்துப் போய் நடுவில் வைத்தார்கள். பிறகு எதிரணி ஆட்கள் மெதுவாக அடிக்க ஆரம்பித்தார்கள், அதுதான் மச்சான் தாங்கவில்லை. மெதுவாக அடித்ததில் ஒன்றைத் தடுத்தேன். அதில்தான் விரல் போனது. மரகதம் அம்மா ஐஸ் கொண்டுவந்து கையில் வைத்துக் கட்டினார்கள். 

ஜெயவேலு எதிர்ப்பக்கம் பெஞ்சில்கூட இல்லை. மேலே படிக்கட்டில், கோட்டுப் போட்ட ஆட்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் அங்கே நாலாவது கீப்பராம். சேர்ந்ததிலிருந்து ஒரு ஆட்டமும் இல்லை. ஆட்டம் முடிந்து என்னிடம் வந்தான். நல்ல ஷூ போட்டிருந்தான்.

“லெஃப்ட்டு போஸ்ட்ட விட்டு வராதீங்கன்னு மேலேருந்து கத்துனேன், கேக்கலயாண்ணே?”

“கேக்கலடா.”

“கத்தக் கூடாதுன்னு ஃபைன் போட்டுட்டாங்க.”

அப்பா எப்படி இருக்கிறார் என்றேன். பரவாயில்லை, நல்ல டாக்டர் பார்க்கிறார் என்றான். “எதுக்குண்ணே என்னைய எடுத்தாங்க? ஆட விடமாட்டேங்கறாங்களே” என்றான். நீ எங்களுக்கு ஆடக் கூடாது என்பதற்காக என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்துக்கொள்டா என்றேன்.

இப்போது நாம் கடைசி இடம். இப்படியே போனால் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவார்கள். இறக்கினால் மைதானத்தில் நம் பயிற்சி நேரமும் போகும் என்று சொல்கிறார்கள். ஆகவே மச்சான், உங்களோடு பள்ளியில் படித்தவர் ஒருவர் சங்கத்தின் விதிமுறைக் குழுவில் இருப்பதாக முன்பு சொன்னீர்கள். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சின்னக் கழகத்தின் ஆளைக் கடைசி நாளில் பறித்தால், பறிகொடுத்தவனுக்கு இன்னொரு ஆளைத் தேட ஒரு வாரமாவது அவகாசம் தர வேண்டும். பெரிய கை சின்ன கையிலிருந்து பிடுங்குவதற்கு விதி என்று பெயர் வைக்கக் கூடாது. இதை என் பெயரிலேயே சொல்லுங்கள், பயமில்லை. நிக்கோலிடம் மட்டும், மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை, புத்திதான் இல்லை என்று சொல்லி மன்னிக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து பந்தலில் படுத்துக்கொள்வேன்.

அக்காவுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
ஓஸ்வால்ட்

பி.கு.: மேற்படி கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் சுப்ரியா போன் செய்தது. பதிவான கோல்கீப்பர் எல்லாருக்கும் அடிபட்டு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால், சன்னல் சாத்தின பிறகும் கீழ்ப் பிரிவு அணியிலிருந்து ஒருவனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம். ஆட்டக்காரன் சம்மதித்தால் போதும், அவன் அணியைக் கேட்க வேண்டியதில்லை. என் விரல் முறிந்ததால் நமக்கு அந்தத் தகுதி வந்துவிட்டது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சேர்ந்து ஆடும் அணியில் அருமையான கீப்பர் ஒருவன் இருந்தான். நேற்றுக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஆகவே தங்கள் நண்பருக்கு எதுவும் எழுத வேண்டாம். விதிகள் தற்சமயம் இருக்கிறபடியே இருக்கட்டும்.

இன்று காலை அவனை அந்த அணியின் செயலாளரே பைக்கில் கொண்டுவந்து விட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. “இடது தோள்ல அவனுக்கு ஒரு வலி இருக்குங்க, மேட்சுக்கு முன்னாடி வெந்நீர் ஒத்தடம் குடுத்துருங்க” என்று மட்டும் சொன்னார். டீ சாப்பிடச் சொன்னேன், ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை மச்சான்.